ஜாத்திரை வாரத்துக் கண்ணாடி

திருப்பதியில் கண்ணாடி அழுக்காகிற விதமே தனி. மற்ற ஊர்களில் தூசி, மழைத் துளி, காக்கை எச்சம் என்று முடிந்துவிடும். இங்கே அவற்றோடு சந்தனமும் சேரும். மலையில் மொட்டை போட்டு, தலை நிறையச் சந்தனம் பூசிக்கொண்டு இறங்குகிறவர்கள், லாட்ஜ் அறைக்குள் நுழைந்ததும் ஜன்னலுக்குத்தான் போவார்கள். இப்போதுதான் இறங்கி வந்த மலையை இன்னொரு தரம் பார்க்க வேண்டும். பார்க்கிற ஆசையில் நெற்றி கண்ணாடியில் முட்டும். அப்பா முட்டிய இடத்தில் பெரிய வட்டம், பிள்ளை முட்டிய இடத்தில் சின்ன வட்டம். சாயங்காலம் அறையைக் காலி செய்துவிட்டுப் போய்விடுவார்கள். வட்டங்கள் தங்கிவிடும்.

அந்த வட்டங்கள்தான் இந்திராணியின் வீட்டில் அடுப்பை எரிய வைத்தன.

அவள் புருஷன் எழிலரசன் முதலில் அலுமினியம், கண்ணாடி பொருத்துகிற கடையில் வேலை செய்தான். காந்தி ரோட்டுக்குப் பின்னால் கமலம்மா என்கிற நகரிக்காரம்மா லாட்ஜ் கட்டியபோது ஜன்னல் பொருத்தப் போனான். பொருத்தி முடித்து, துடைத்துக் கொடுத்தான். அவன் துடைத்த விதத்தைப் பார்த்த கமலம்மா, "தம்பி, இதையே வாரா வாரம் வந்து செஞ்சிக் குடேன்" என்றாள். அங்கே ஆரம்பித்தது. பிறகு புடவைக் கடை, பல் டாக்டர், இனிப்புக் கடை, இன்னும் சில லாட்ஜுகள். ஊரிலிருந்து சித்தப்பா மகன்கள் இரண்டு பேரைக் கூட்டி வந்து வேலை பழக்கினான். அவன் ஏணியிலும் கயிற்றிலும் இருப்பான். இந்திராணி வீட்டிலிருந்தபடி போன் எடுப்பாள், துணி துவைத்துக் காயப் போடுவாள், யாருக்கு என்றைக்கு என்று பிரித்துச் சொல்வாள். யார் காலையில் கத்துவார்கள், யார் சாயங்காலம் கத்துவார்கள் என்பது அவளுக்கு அத்துப்படி.

அது கம்பெனிகள் வந்துகொண்டிருந்த காலம். சத்தியவேட்டுப் பக்கம் வயல்களெல்லாம் கம்பி வேலிக்குள் போய், பளபளவென்று கட்டடங்களாக எழும்பிக்கொண்டிருந்தன. எழிலரசனின் ஊர் அங்கேதான், தமிழ்நாட்டு எல்லையை ஒட்டி. சொந்த நிலம் என்று ஒரு சாண் கிடையாது. அப்பாவும் அம்மாவும் அடுத்தவர் வயலில் கூலிக்குப் போய்த்தான் அவனை வளர்த்தார்கள்.

மே மாதத்து மத்தியானம். தெருவில் நாய்கூட நடமாடாத வெயில். எழிலரசன் கேழ்வரகுக் களியை வேர்க்கடலைச் சட்னியில் புரட்டிக்கொண்டே ஆரம்பித்தான்.

"ஒண்ணு சொல்றேன். கத்தாத கேளு."

"கத்தற மாதிரி இன்னாத்தப் பண்ணிக்கினு வந்த?"

"நம்ப ஊர்ப்பக்கம் புதுக் கம்பெனி ஒண்ணு கட்டிக்கினு இருக்காங்களே, மொகப்பு பூரா கண்ணாடியா? அந்த வேல நமக்கு வந்துருச்சி."

இந்திராணி சட்னிக் கிண்ணத்தைக் கீழே வைத்தாள். "நெஜமாவா மாமா?"

"கிரண்குமார்னு ஒரு சூப்பர்வைசரு. போன்லயே சரின்ட்டாரு. தெறப்பு விழாவுக்குள்ள மொத்தமும் தொடைச்சிக் குடுக்கணும். ஒரு வாரம் அங்கயே தங்கி வேல. புடிச்சிருந்தா மாசா மாசம் நம்பளுதுதான்."

"எந்த வாரம்?"

"வர்ற புதன்கெழம ஆரம்பம்."

"செவ்வாக்கெழம ராத்திரி சாட்டிம்பு மாமா."

களி உருண்டை அவன் கையிலேயே நின்றுவிட்டது.

திருப்பதிக்காரர்களுக்கு இதற்கு மேல் சொல்ல வேண்டாம். ஊரம்மன் கங்கம்மாவின் ஜாத்திரைத் திருவிழாவுக்கு முந்தின ராத்திரி ஊரைச் சுற்றி வந்து அறிவிப்பார்கள். அதற்குப் பெயர்தான் சாட்டிம்பு. அது முடிந்துவிட்டால் ஜாத்திரை முடிகிறவரை ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது, வெளியூர்க்காரர்கள் இங்கே ராத்தங்கக் கூடாது என்பது வழக்கம். அந்த வாரம் ஊர் ஆம்பளைகள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டு நாளுக்கொரு வேஷம் கட்டித் தெருவைச் சுற்றுவார்கள். கம்பெனி வேலைக்குப் போவதானால் அறிவிப்புக்கு முன்னாலேயே கிளம்ப வேண்டும். கிளம்பினால் ஒரு வாரத்துக்குத் திரும்ப முடியாது.

"அது எனக்குத் தோணவே இல்லமே" என்றான் எழிலரசன். "கம்பெனின்னதும் மத்த எல்லாம் மறந்து பூட்சி."

"ஜாத்திரை வாரத்துலதான் நம்ப பழைய ஆளுங்க தெனம் கூப்புடுவாங்க. குங்குமம் பூசிக்கினு ஒருத்தன், கரி பூசிக்கினு ஒருத்தன், எல்லா வேஷக்காரனும் கடைக் கண்ணாடியிலதான் கைய வெப்பான்."

"ஒரு வாரம் லீவுன்னு சொல்லிட்டா?"

"அந்த ஒரு வாரம் வேற ஆளு வந்து தொடைப்பான். ரேணிகுண்டா ரோட்டுல ஒருத்தன் மிஷினு வாங்கி வெச்சிக்கினு எப்படா எடம் கெடைக்கும்னு காத்துக்கினு இருக்கான். அப்புறம் நம்பள எதுக்குக் கூப்புடுவாங்க?"

"ஆளு வெச்சிட்டுப் போறேன்."

"எவன் வருவான்? வேலைக்கு வர்ற ஆம்பள எல்லாம் வேஷம் கட்டப் போயிருவான்."

"அப்ப கம்பெனிக்காரனுக்கு முடியாதுன்னு சொல்லிடட்டுமா?"

கேட்டுவிட்டு அவன் தலையைக் குனிந்துகொண்டான். தட்டைப் பார்த்தபடியே பேசினான். "முடியாதுன்னா சென்னைலர்ந்து ஆளு எறக்கிருவாங்க. அப்புறம் அந்த வாசல்ல நம்பள சேக்க மாட்டாங்க. அது கூடப் பரவால்ல. அந்த எடம் இன்னா எடம் தெரியுமா? எங்கம்மா நாத்து நட்ட எடம். நைனா ஏத்தம் எறைச்ச எடம். அங்க குனிஞ்ச முதுகு அவங்களுக்கு நிமிரவே இல்ல. அதே எடத்துல நான் நிமிந்து மேல தொங்கிக்கினு வேல செய்யணும்னு இருக்குது."

கல்யாணமான நாளிலிருந்து எதையும் வேண்டும் என்று கேட்காத மனுஷன். புதுச் சட்டை வாங்கிக் கொடுத்தால்கூடப் பழையது நன்றாகத்தானே இருக்கிறது என்பான். அவன் வாயிலிருந்து 'இருக்குது' என்று ஒரு ஆசை வந்துவிட்டது. அதைத் தட்டிவிட இந்திராணிக்கு மனம் வரவில்லை.

"நீ போ" என்றாள். "தம்பிங்க ரெண்டு பேரையும் கூட்டிக்கினு போ. ஊர நான் பாத்துக்கறேன்."

"பாத்துக்கறேன்னா? போன்லயா?"

"ஏணி மேல."

எழிலரசன் சிரித்துவிட்டான். "பொடவையோடவா?"

"ஒன் பேண்டு எனக்கு சேரும். இடுப்புல கொஞ்சம் லூசா இருக்கும், கயிறு போட்டுக்குவேன்."

"ஊரு சிரிக்கும்மே."

"சிரிக்கட்டும். கண்ணாடி அழுக்கா இருந்தாதான் நமக்குக் கஷ்டம்."

அன்று சாயங்காலமே கொல்லையில் ஏணியைச் சாத்தி ஏறிப் பார்த்தாள். பாதி ஏறியதும் கீழே பார்த்துவிட்டு ஏணியை இறுகக் கட்டிக்கொண்டாள். கீழே நின்றவன், "கீழ பாக்காத, கண்ணாடியப் பாரு. அதுல ஒம் மூஞ்சி தெரியும். அதப் பாத்துக்கினே ஏறு" என்றான். கொல்லையில் கண்ணாடி ஏது? செங்கல் சுவரைப் பார்த்துக்கொண்டு ஏறினாள். ரப்பர் வைப்பரைப் பிடிக்கிற விதம், மேலிருந்து இழுக்கிற விதம், சந்தனத்தை ஈரம் படுவதற்கு முன் சுரண்டி எடுக்கிற விதம் எல்லாம் இத்தனை நாள் அவன் சொல்லிக் காதில் கேட்டது. இப்போது கைக்கு வர வேண்டும். கைக்கு அது அவ்வளவு சுலபமாக வரவில்லை. வீட்டு ஜன்னல்களைத் திரும்பத் திரும்பத் துடைத்ததில் தோள்பட்டை வீங்கிப் போயிற்று.

மறுநாள் கமலம்மாவிடம் போனாள். கமலம்மா லாட்ஜ் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து முறுக்கு தின்றுகொண்டிருந்தாள்.

"அக்கா, வர்ற வாரம் அவரு ஊர்ல இல்ல. புது வேல வந்துருக்குது. நான்தான் வருவேன்."

"நீயா? ஏறுவியா?"

"ஏறுவேன்கா."

"உழுந்தேன்னா?"

"உழ மாட்டேன்."

"உழுந்தேன்னா எந்த லாட்ஜுலன்னுதான் கேப்பாங்க. எம் பேருதான் நாறும்." கமலம்மா முறுக்கை நீட்டினாள். "இந்தா, துன்னு. நாங்க நகரியிலர்ந்து தறிய வித்துட்டு வந்து இந்தக் கட்டடம் எழுப்பும்போது நானே கல்லு தூக்கிக்கினு மூணாவது மாடிக்கு ஏறனவ. ஏறும்போது யாரும் ஒண்ணும் சொல்லல. மேல உக்காந்து மொதலாளின்னு சொன்னப்பதான் ஆளாளுக்குப் பேசனாங்க. நீ வா. ஆனா ஒண்ணு. புதுசா பெரிய எடம் கெடைச்சதும் என் ஜன்னல அரகொறையா தொடைச்சிட்டு ஓடனீங்கன்னா, நான் மொட்ட மாடியிலர்ந்து கத்தறது சத்தியவேட்டுல கேக்கும்."

புடவைக் கடை ஹரிபாபு அப்படி இல்லை. முகத்தைச் சுளித்தார். தெருவைப் பார்த்த பெரிய கண்ணாடியும் அதற்குள் பட்டுப் புடவை கட்டிய பொம்மைகளும்தான் அவர் கடைக்கு அழகு.

"ஏமம்மா இதி? ஆடமனிஷி, பொம்பள ஏணி மேல நின்னா ஜனம் நவ்வுதாரு. சிரிப்பாங்கம்மா. என் கடை வாசல்ல சிரிப்பு வேண்டாம்."

"ஒரு நாளு பாருங்கண்ணா. புடிக்கலன்னா நீங்களே வேற ஆள வெச்சிக்குங்க."

"ஒரு நாள்தான்" என்றார் ஹரிபாபு.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் எழிலரசன் தம்பிகளோடு சத்தியவேடு பஸ் ஏறினான். அன்று ராத்திரி சாட்டிம்பு ஆயிற்று. இந்திராணி ஊருக்கு உள்ளே, அவன் வெளியே.

புதன்கிழமை காலையில் அவள் எழிலரசனின் நீலப் பேண்டைப் போட்டு, சட்டைக் கையைச் சுருட்டி, கொண்டையைத் துண்டால் இறுக்கிக் கட்டிக்கொண்டு ஹரிபாபு கடை வாசலில் ஏணியைச் சாத்தினாள். பக்கத்து வீட்டுச் சுந்தரி ஏணியைப் பிடித்துக்கொள்ள வந்திருந்தாள். அவளுக்கு வாய் ஓயாது.

"யக்கா, பின்னாலர்ந்து பாத்தா மாமா மாதிரியே கீற. முன்னாலர்ந்து பாத்தாதான் கோவக்கார மாமா மாதிரி கீற."

"கெட்டியாப் புடிடி. பேசறத அப்புறம் வெச்சிக்க."

ஏறினாள். எதிர்க்கடைப் பையன்கள் எட்டிப் பார்த்தார்கள். கண்ணாடியில் அவள் முகம் தெரிந்தது. அதைப் பார்த்துக்கொண்டே இன்னும் ஒரு படி, இன்னும் ஒரு படி. சோப்புத் தண்ணீரைப் பூசி வைப்பரை மேலிருந்து இழுத்தாள். பாதியில் வைப்பர் வழுக்கிக் கோடு விழுந்தது. உள்ளேயிருந்து ஹரிபாபு அந்தக் கோட்டையே பார்த்துக்கொண்டு நின்றார். அவள் திரும்பப் பூசி, திரும்ப இழுத்தாள்.

அப்போதுதான் தப்பட்டைச் சத்தம் கேட்டது. உடம்பெல்லாம் வெள்ளை பூசி, இடுப்பில் வேப்பிலை கட்டிய பைராகி வேஷக்காரர்கள் தெருமுனையில் திரும்பினார்கள். நடுவில் வேண்டுதலுக்காகப் புடவை கட்டி, சவுரி வைத்துப் பின்னி, மீசையை மட்டும் எடுக்காமல் விட்ட ஒருவன். அவன்தான் அவளை முதலில் பார்த்தான்.

"ஏ வேஷம்ரா இதி? கொத்தகா உந்தே!"

என்ன வேஷம் இது, புதுசா இருக்கே என்று கூட்டமே மேலே பார்த்தது. ஜாத்திரை வாரத்தில் வேஷக்காரர்கள் யாரை வேண்டுமானாலும் திட்டலாம், யாரும் கோபித்துக்கொள்ளக் கூடாது. வெள்ளை பூசிய ஒருவன் அண்ணாந்து பார்த்துக் கத்தினான்.

"ஏய் மரநாயி! மேல ஏறி எவன் வூட்டுக் கோழிய நோட்டம் உட்டுக்கினு இருக்கற?"

கீழே சுந்தரி, "திட்டுக்கா, திரும்பத் திட்டு" என்று ஏணியை உலுக்கினாள்.

"ஒன் வூட்டுக் கோழியதாண்டா!" என்று மேலேயிருந்து குரல் வந்தது. "அதுகூட ஒன்னப் பாத்துட்டு சுண்ணாம்பு டப்பா உருண்டு வருதுன்னு ஓடிப்போச்சி!"

தெரு சிரித்தது. தப்பட்டைக்காரன் அவளுக்காகவே ஒரு சுற்று அடித்தான். புடவை கட்டிய மீசைக்காரன் இரண்டு கையாலும் திருஷ்டி கழித்து, "அக்கய்யா, மா அம்மே!" எங்க அம்மாவே என்று கும்பிட்டுவிட்டுப் போனான். போகிற போக்கில் பழக்க தோஷத்தில் கண்ணாடியில் ஐந்து விரலையும் பதித்துவிட்டும் போனான்.

ஹரிபாபு வெளியே வந்தார். அவரும் சிரித்துக்கொண்டுதான் வந்தார்.

"வேஷம்னு நெனச்சுக்கிட்டாங்கம்மா. அப்படின்னா பரவாலேது. ரேப்பு கூட ரா. நாளைக்கும் வா."

அந்த வாரம் முழுக்க அப்படியே ஓடியது. கங்கம்மாவுக்கு வேண்டிக்கொண்டு ஒரு பொம்பளை கண்ணாடிக்காரன் வேஷம் போட்டிருக்கிறாள் என்று ஊரின் அந்தக் கோடி கொர்லகுண்டா வரைக்கும் பேச்சு. காலையில் பல் டாக்டர், பிறகு கமலம்மா, வெயில் ஏறினதும் நிழல் விழுகிற பக்கமாகப் பார்த்து இனிப்புக் கடை, சாயங்கால வியாபாரத்துக்கு முன் ஹரிபாபு. ஒவ்வொரு நாள் வேஷத்துக்கும் ஒவ்வொரு அழுக்கு. குங்குமம் தண்ணீர் பட்டால் கண்ணாடியெல்லாம் ரோஜா நிறமாக ஓடும், அதைப் பிழிந்த துணியால் ஒற்றி எடுக்க வேண்டும். கரியைத் தேய்த்தால் பரவும். சந்தனத்தைச் சுரண்டிச் சுரண்டி அவள் நகத்தடியெல்லாம் மணத்தது. கை விரல் வெடித்தது. சுந்தரி கொண்டு வந்த கூழைக் கமலம்மா லாட்ஜ் படியில் உட்கார்ந்து குடித்தபோது, டம்ளரைப் பிடிக்கக்கூட விரல் மடங்கவில்லை.

"வேஷம்னே இருந்துட்டுப் போட்டுங்கா" என்றாள் சுந்தரி. "யாரும் ஒண்ணும் கேக்கல பாத்தியா?"

"ஜாத்திரை முடிஞ்சா கேப்பாங்கடி" என்றாள் இந்திராணி.

வெள்ளிக்கிழமை சாயங்காலம் எழிலரசனின் போன் வந்தது. குரல் இறங்கியிருந்தது.

"இந்திராணி, இங்க நெலம சரியில்ல. கண்ணாடி பூரா சிமெண்டுத் துளி, ஸ்டிக்கர் பசை. கயித்துல தொங்கி மேல தொடைக்க நாங்க இருக்கோம். கீழ ரெண்டு மாடி சொரண்ட ஆளு இல்ல. ஞாயித்துக்கெழமைக்குள்ள ஆவலன்னா வேற ஆளுக்குக் குடுத்துருவேன்னு கிரண்குமார் சாரு சொல்லிட்டாரு. நீ ரெண்டு நாளு வந்தேன்னா..."

பஸ் பிடித்தால் விடிவதற்குள் போய்விடலாம். அந்த மனுஷனுடைய ஒரே ஆசை அங்கே சிமெண்டுத் துளியில் ஒட்டிக்கொண்டிருந்தது. ஆனால் வாய் வேறு சொன்னது.

"நான் சாட்டிம்புக்கு உள்ள இருக்கறவ மாமா. ராத்தங்க வெளிய வர முடியாது."

"நாம இன்னா இந்த ஊருக்காரங்களாமே? பொழைக்க வந்தவங்கதான?"

"அத்தன ஜன்னலும் என்ன இந்த ஊருக்காரின்னு நெனச்சிக்கினு இருக்குது. நாளைக்குக் காலைல கமலம்மாக்கா லாட்ஜுல கல்யாண கோஷ்டி எறங்குது, பொழுது சாயறதுக்குள்ள காலி பண்ணிருவாங்க. வரேன்னு சொல்லிட்டேன்."

போனில் தூரத்தில் ஏதோ மிஷின் ஓடுகிற சத்தம் மட்டும் கேட்டது. அவனைக் கைவிட்டுவிட்டோமோ என்று பயந்தவளுக்கு, நகத்தடியில் கிடந்த சந்தனத்தைப் பார்த்ததும் ஒன்று தோன்றியது.

"மாமா, நம்ப ஊர்ல அத்த கூட நடவுக்குப் போவாங்களே கன்னியம்மா அண்ணி, இப்ப வேலைக்குப் போய்க்கினு இருக்காங்களா?"

"எங்கத்த வேல? வயலே இல்லயே. வூட்லதான் கீறாங்க. ஏன்?"

"அவங்களயும் அவங்க கூட களை எடுக்கப் போவாங்களே, அந்தப் பொம்பளைங்களயும் கூட்டிக்கினு வா. நாளெல்லாம் குந்திக்கினு பயிரு மேல கை படாம களையக் கிள்ளன கை அது. கண்ணாடி கீறாம சிமெண்டச் சொரண்ட அத விட வேற கை வேணுமா?"

"பொம்பளைங்களா? கம்பெனிலயா? கிரண்குமார் சாரு இன்னா சொல்லுவாரு?"

"இங்க ஏணி மேல யாரு நிக்கறான்னு நெனச்சிக்கினு இருக்கற?"

அவன் சட்டென்று சிரித்தான். நாலு நாளில் அவள் கேட்ட முதல் சிரிப்பு.

ஞாயிற்றுக்கிழமை பொழுது சாய அடுத்த போன் வந்தது. இந்தத் தரம் அவன் மூச்சு விடாமல் பேசினான். "கன்னியம்மா அண்ணி பிளேட புடிச்சத நீ பாக்கணும்மே. வரப்பு போட்ட மாதிரி வரிசையா குந்திக்கினு, பாட்டுப் பாடிக்கினே கீழ பூரா முடிச்சிட்டாங்க. கிரண்குமார் சாரு மூக்கு முட்டக் கிட்ட போய்ப் பாத்தாரு, ஒரு கீறல் இல்ல. மாசா மாசம் நம்பளுதுதான். அண்ணி ஒண்ணு சொன்னாங்க. 'இங்கதான் எழிலு உங்கம்மா கூட நான் நாத்துக் கட்டு எறக்கி வெப்பேன், இப்ப பாரு, எம் மூஞ்சே தெரியுது'ன்னாங்க."

இந்திராணி போனைக் காதில் வைத்துக்கொண்டு, அவன் மூச்சு விடுவதைக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

ஜாத்திரை முடிந்தது. கடைசி நாள் விடியலில் அம்மனின் களிமண் உருவத்தை உடைத்துத் தருகிற மண்ணை வாங்க முண்டியடித்த கூட்டம் கலைந்து வீடு திரும்பிற்று. தெருவைத் தண்ணீர் விட்டுக் கழுவினார்கள். புடவை கட்டிய மீசைக்காரன் காக்கிச் சட்டையோடு ஆட்டோ ஓட்டிக்கொண்டு போனான். எல்லோரும் அவரவராகிவிட்டார்கள்.

இந்திராணி நீலப் பேண்டோடு ஹரிபாபு கடை வாசலில் ஏணியைச் சாத்தினாள்.

கல்லாவில் சாம்பிராணி காட்டிக்கொண்டிருந்தவர் நிமிர்ந்து பார்த்தார். வாசலுக்கு வந்தார். அவர் முகத்தில் அந்த முதல் நாள் சுளிப்பு திரும்பியிருந்தது.

"ஜாத்திரை அயிப்போயிந்தி கதம்மா? முடிஞ்சுபோச்சே. இன்னும் வேஷம் கலைக்கலயா?"

ஏணியில் ஒரு கால் வைத்தபடி அவள் திரும்பினாள். ஒரு வாரமாக எதிர்பார்த்த கேள்விதான்.

"நான் வேஷம் போடவே இல்லண்ணா. கண்ணாடி தொடைக்கத்தான் வந்தேன். ஒரு நாளு பாருங்கன்னு சொன்னேன். ஒரு வாரம் பாத்துட்டீங்க. வேற ஆளு வேணும்னா இப்பவே சொல்லிடுங்க, எறங்கிடறேன்."

அப்போது பஸ் ஸ்டாண்டிலிருந்து நேராக நடந்து வந்த எழிலரசன், தோளில் பையும் கையில் கயிற்றுக் கட்டுமாக வாசலில் வந்து நின்றான். வெயிலில் கருத்து, ஒரு சுற்று இளைத்திருந்தான். ஹரிபாபுவுக்கு உயிர் வந்த மாதிரி இருந்தது.

"இதோ, எழிலு வந்துட்டாடு! ரா நைனா. நீ ஏறு, அம்மா எறங்கட்டும்."

எழிலரசன் ஏணியை அண்ணாந்து பார்த்தான். அவள் முழங்கை வரை சுருட்டிய தன் சட்டையைப் பார்த்தான். வெடித்த விரல்களையும் பார்த்தான். பையைக் கீழே வைத்தான்.

"இல்லண்ணா. நான் திங்கக்கெழம திரும்ப சத்தியவேட்டுக்குப் போவணும். அந்த வேல என்னுது. ஊரு கண்ணாடி இனிமே இவங்களுதுதான். நானே இவங்களக் கேட்டுக்கினுதான் தொடணும்."

"ஏறு" என்று அவளிடம் மெதுவாகச் சொன்னான். ஏணியைப் பிடித்துக்கொண்டான்.

ஹரிபாபு இருவரையும் ஒரு முறை பார்த்துவிட்டுக் கடைக்குள் போய்விட்டார். இந்திராணி ஏறினாள். சோப்புத் தண்ணீரைப் பூசினாள். மேல் மூலையிலிருந்து கீழ் மூலை வரை ஒரே இழுப்பில் வைப்பரை இறக்கினாள். ஒரு கோடு விழவில்லை. கழுவின தெருவும், எதிர்க்கடையும், அதற்கு மேலே மலையும் கண்ணாடியில் வந்து நின்றன.

"எதாவது உட்டுட்டேனா பாரு மாமா."

அவன் பின்னால் நகர்ந்து நின்று பார்த்தான். "மேல எடது மூலையில குங்கும வெரல் தடம் ஒண்ணு கீது."

அவள் எட்டித் தேய்த்தாள். போகவில்லை. விரலால் தொட்டுப் பார்த்தாள். "இது உள்பக்கம்" என்றாள்.

கண்ணாடிக்கு அந்தப் புறம் ஹரிபாபு இதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். பிறகு பட்டுப் புடவை கட்டிய பொம்மைகளை நகர்த்திவிட்டு, கல்லா நாற்காலியை இழுத்துப் போட்டு அதன் மேல் ஏறினார். தோளிலிருந்த துண்டை எடுத்து, அவள் விரல் வைத்துக் காட்டிய இடத்தில் உள்ளேயிருந்து துடைக்க ஆரம்பித்தார். சரியாகத்தான் துடைக்கிறாரா என்று அவள் வெளியேயிருந்து பார்த்துக்கொண்டிருந்தாள்.